குளிப்பாட்டிய பின் நாயின் கண் சிவப்பது: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சவ்வாது மலையை ஒட்டிய கண்ணமங்கலம் போன்ற ஊர்களில், ஆட்டுப்பட்டிக்கும் நிலத்துக்கும் காவலாக வளர்க்கப்படும் நாய்களைப் பம்புசெட்டடியில் துணி சோப்பாலோ சீயக்காயாலோ தேய்த்துக் குளிப்பாட்டுவோர் உண்டு. குளித்த நாய் கண்ணை இடுக்கிக்கொண்டு முன்னங்காலால் தேய்த்தால், கண்ணுக்குள் தண்ணீர் போனதே காரணம் என்று பலரும் நம்புகின்றனர். உண்மையில் எரிச்சலூட்டுவது தண்ணீரன்று, அதில் கரைந்திருக்கும் சோப்பே ஆகும். சோப்பின் பி.எச். அளவு, அதாவது காரத்தன்மையைக் காட்டும் எண், பெரும்பாலும் 9 முதல் 10 வரை இருப்பதால், அது கருவிழிப்படலம் எனப்படும் கண்ணின் முன்புறக் கண்ணாடிப் படலத்தின் மேல்தோலைப் புண்ணாக்கக்கூடும்.

சீயக்காய் இயற்கைப் பொருள் என்பதால் கண்ணுக்குத் தீங்கில்லை என்பதும் சரியன்று. அதிலுள்ள சப்போனின் என்னும் நுரைக்கும் பொருள் எரிச்சலைத் தருவதோடு, அரைபடாத துகள்கள் இமைக்குள் சிக்கி, நாய் தேய்க்கத் தேய்க்கக் கருவிழியைக் கீறுகின்றன.

வலி மிகுந்தால் கண்விழி உள்வாங்க, மூக்கோரத்து மூலையிலிருந்து இளஞ்சிவப்பான மூன்றாம் இமை மேலேறி விழியைப் பாதியளவு மறைக்கும். நாய்க்கு இயல்பாகவே உள்ள இந்தப் பாதுகாப்பு உறுப்பைக் கண்ணில் வளர்ந்த சதை என்று எண்ணித் துணியால் துடைத்தெடுக்க முயல்வது கொடிய தவறாகும்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு ஆகியவை கிருமி நீக்கப்பட்டவையல்ல என்பதால், புண்பட்ட கண்ணில் அவற்றை விடலாகாது. இவற்றைவிடப் பெருங்கேடு, கண்புரை அறுவைக்குப் பின் வீட்டில் எஞ்சிய சொட்டு மருந்தை நாய்க்கு விடுவதால் நேர்கிறது. அம்மருந்துகள் பலவற்றில் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள், அதாவது அழற்சியை அடக்கும் மருந்துகள் உள்ளன. அவை சிவப்பை விரைவில் தணிப்பதால் குணமானதுபோலத் தோன்றினாலும், கருவிழியில் கீறல் இருந்தால் புண் ஆறுவதைத் தடுத்து, அதை ஆழமாக்கி, இறுதியில் துளை விழவும் செய்யலாம். ஆகவேதான் கால்நடை மருத்துவர் முதலில் ஃபுளோரசீன் என்னும் சாயத்தை இட்டுப் பார்க்கிறார். மேல்தோல் உரிந்த இடம் மட்டும் பச்சை நிறத்தில் ஒளிரும். இச்சோதனைக்கு முன் ஸ்டீராய்டு விடுவதை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது.

செய்யத்தக்கது எளிது. ஒருவர் நாயின் தலையைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் இமைகளை விரித்து, தூய நீரையோ 0.9 சதவீத உப்புக் கரைசலான சலைனையோ 10 முதல் 15 நிமிடம் வரை மெல்ல ஊற்றிக் கழுவ வேண்டும். பிறகு காலால் தேய்க்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இலேசான சிவப்பு சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அடுத்த முறை தலைக்குச் சோப்பைத் தவிர்த்து, முகத்தை ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

கண்ணைத் திறக்காமலிருத்தல், கருவிழி நீலம் பூத்தாற்போல் மங்குதல், சீழ் வடிதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அன்றே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு நாயைக் கொண்டு செல்லுங்கள். உண்ணி மருந்தோ, குளோர்ஹெக்சிடின் கலந்த ஷாம்புவோ கண்ணில் பட்டிருந்தால், கழுவிய கையோடு புறப்படுங்கள்.