கைக்கு வரும் உதவிப் பணமும் வீட்டு ஆரோக்கியமும்



காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இரத்தக் கொதிப்பு என்று எழுதுவதுதான் இந்தப் பக்கத்தின் வழக்கம். இம்முறை பணத்தைப் பற்றி எழுதுகிறேன். "டிரஸ்ஸருக்கும் பணத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அதை எனக்குப் புரிய வைத்தவர் ஒரு தாய்.

சில வருஷங்களுக்கு முன் ஜாசின் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்தேன். பால்வெட்டும் பெண் ஒருவர் ஏழு மாதக் கர்ப்பத்தோடு என்னிடம் வந்தார். கண் இமையை விலக்கிப் பார்த்தேன், வெளுத்துப் போயிருந்தது. இரத்தத்தைச் சோதித்ததில் ஹீமோகுளோபின் 8தான் இருந்தது. கர்ப்பிணிக்கு அது 11க்குக் கீழே போகக் கூடாது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தேன். "ஈரல், மீன், முட்டை, கீரை சாப்பிடுங்கம்மா. குறித்த தேதியில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் கிளினிக்குக்கும் போகவில்லை, சாப்பாடும் மாறவில்லை. எனக்குக் கோபம் வந்து திட்டிவிட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "ஐயா, கிளினிக்குல காசு அதிகம் கேக்கறதில்ல. ஆனா போய் வர்ற வண்டிக்கு யாரு குடுப்பா? அன்னைக்கு வெட்டுக்குப் போவலன்னா நாள் சம்பளமும் போச்சு. ஈரல் வாங்கச் சொல்றீங்க, கடையில பழைய பாக்கியே நிக்குது."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மருந்து கொடுத்தேன், புத்தி சொன்னேன். அதைச் செய்ய அவர் கையில் காசு இருக்கிறதா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அது என் தவறு.

அந்த மாதக் கடைசியில் அவர்கள் குடும்பத்துக்கு அரசாங்க உதவிப் பணத்தின் ஒரு தவணை வந்தது. கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். கடைப் பாக்கியில் பாதியைக் கட்டினார்கள். கிளினிக்குக்குப் போய் வர வண்டிக் காசை ஒரு மிலோ டின்னில் தனியாகப் போட்டு வைத்தார்கள். முட்டையும் மீனும் வாங்கினார்கள். மாத்திரையும் ஒழுங்காக உள்ளே போயிற்று. பிள்ளை நிறைமாதத்தில் பிறந்தது, எடை 2.7 கிலோ. பணம் மட்டும்தான் காப்பாற்றியது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பணம் வந்திராவிட்டால் என் மாத்திரையும் புத்திமதியும் பாதி வழியிலேயே நின்றிருக்கும்.

இந்த உதவி எது?

2012இல் பிரிம் என்ற பெயரில் தொடங்கியது. மாதம் 3,000 வெள்ளிக்கு மேற்படாத வருமானமுள்ள குடும்பத்துக்கு அந்த வருஷம் 500 வெள்ளி கொடுத்தார்கள். அதன் பிறகு பெயர் பல தடவை மாறியது. 2023 முதல் எஸ்.டி.ஆர். என்கிற ரஹ்மா ரொக்க உதவி. 2025இல் மாத வருமானம் 2,500 வெள்ளிக்கு மேற்படாத குடும்பத்தில் மூன்று அல்லது நான்கு பிள்ளைகள் இருந்தால் வருஷத்துக்கு 2,000 வெள்ளி, நான்கு தவணையாகக் கொடுக்கப்பட்டது. இதோடு சாரா என்ற உதவியும் உண்டு. அது கையில் வரும் காசு அல்ல. மைகார்டைக் காட்டிக் குறிப்பிட்ட கடைகளில் அரிசி, முட்டை, மருந்து, பள்ளிச் சாமான் போன்றவற்றை வாங்கிக்கொள்ளலாம்.

பணம் உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது?

முதலில் சாப்பாடு. காசு குறைந்தால் நம் வீடுகளில் முதலில் குறைவது மீனும் முட்டையும்தான். சோறும் சீனித் தேத்தண்ணியும் குறைவதில்லை. வயிறு நிறையும், இரத்தம் ஊறாது. 2019இல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 100க்கு 21.8 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களில் 100க்கு சுமார் 30 பேருக்கு இரத்தச் சோகை.

இரண்டாவது, நேரத்தில் வைத்தியம். வண்டிக் காசு இல்லாமல் "நாளைக்குப் பார்ப்போம்" என்று தள்ளிப் போட்ட காய்ச்சல்தான் பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் போய் முடிகிறது.

மூன்றாவது, ஓய்வு. நிறைமாதத்தில் மேடு பள்ளம் ஏறி வாளி தூக்குகிறவளுக்கு ஒரு மாதச் செலவுக்குக் கையில் காசு இருந்தால் கொஞ்சம் முன்னதாகவே வேலையை நிறுத்திக்கொள்ள முடியும்.

இது என் கற்பனை அல்ல. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் சியாயா வட்டாரத்தில் 653 கிராமங்களில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. 10,500க்கு மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு, எந்த நிபந்தனையும் இல்லாமல், குடும்பத்துக்குச் சுமார் 1,000 அமெரிக்க டாலர் கொடுத்தார்கள். 2025இல் வெளியான முடிவின்படி அந்தக் குடும்பங்களில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள். பிரசவ காலத்தில் பணம் கிடைத்த வீடுகளில், ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருந்தால், பலன் அதிகம். பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் தாய்மார்கள் கடும் வேலையைக் குறைத்துக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம்.

தமிழ்நாட்டிலும் இது புதிதல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம் 1987இல் 300 ரூபாயில் தொடங்கியது. 2018இல் அது 18,000 ரூபாய் ஆனது. 2023 செப்டம்பரில் ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் நேராக அவர்களுடைய வங்கிக் கணக்கிலேயே போடத் தொடங்கினார்கள்.

"காசு கொடுத்தா குடிச்சே தீர்த்துடுவானுங்க!"

இந்தப் பேச்சைப் படித்தவர்கள் வாயிலும் கேட்டிருக்கிறேன். உலக வங்கியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014இல் எழுதினார்கள்: உதவிப் பணம் வந்ததால் குடியும் புகையும் கூடவில்லை. ஏழை என்றாலே பொறுப்பில்லாதவன் என்று நினைப்பது தவறு.

ஆனாலும் நமக்குள் ஒளிக்க என்ன இருக்கிறது? சம்சுவினால் அழிந்த வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே தோழரே, பணம் உங்கள் பெயரில் வந்தாலும் அது உங்கள் ஒருவருக்கு வந்தது அல்ல. பிள்ளைகளையும் எண்ணிக் கணக்குப் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். வந்த அன்றைக்கே மனைவியிடம் சொல்லுங்கள். இருவரும் சேர்ந்து செலவை முடிவு செய்யுங்கள்.

செய்ய வேண்டியவை

1. முதலில் வண்டிக் காசை எடுத்து வையுங்கள். கிளினிக்குக்கு இரண்டு முறை போய் வரும் அளவு போதும். அதை வேறு எதற்கும் தொடாதீர்கள்.

2. கடைப் பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டுங்கள். முழுப் பணத்தையும் அங்கேயே கொடுத்துவிட்டுப் பிள்ளைகளைப் பட்டினி போடாதீர்கள்.

3. பால் டின் என்று நாம் வாங்கும் இனிப்புப் பால் சிறு பிள்ளைக்குப் பாலாகாது. அதில் சீனிதான் அதிகம். அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

4. இரும்புச் சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. கொய்யா, எலுமிச்சை சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும்.

5. பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை இந்தக் கணக்கில் சேராது. நாளைக்குப் பள்ளிக்கூடத்திலும் அவதிப்படும்.

6. வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் தேசிய சேமிப்பு வங்கியில் ரொக்கமாக வாங்கலாம். படிவம் எழுதத் தெரியாவிட்டால் வெட்கப்படாமல் தொழிற்சங்கக் கிளைத் தலைவரையோ படித்த பிள்ளைகளையோ கேளுங்கள்.

7. இது நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம். எஸ்.டி.ஆர். பெறுகிறவருக்கும் அவருடைய கணவன் அல்லது மனைவிக்கும் 40 வயது ஆகியிருந்தால் பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை உண்டு. 2019இல் தொடங்கிய திட்டம் இது. தனியாக மனுப் போட வேண்டாம், பதிவு பெற்ற தனியார் கிளினிக்கிலும் செய்துகொள்ளலாம். புற்றுநோய் வந்தவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சையை முழுவதும் முடித்தால் 1,000 வெள்ளி ஊக்கத்தொகையும், போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரையிலும் கிடைக்கும். நீரிழிவு நம் இந்தியர்களிடம்தான் அதிகம் என்று அதே 2019 கணக்கெடுப்பு சொல்கிறது. காலில் புண் வந்த பிறகு கண்டுபிடிப்பதைவிட இன்றைக்கே இரத்தத்தைச் சோதித்துக்கொள்வது மேல்.

கடைசியாக ஒன்று. உதவிப் பணம் சம்பளத்துக்கு ஈடாகாது. வருஷம் 2,000 வெள்ளி என்றால் மாதத்துக்கு 167 வெள்ளிகூட முழுசாக வராது. நியாயமான சம்பளம், நல்ல தண்ணீர், ஒழுகாத கூரை ஆகியவற்றுக்காகத் தொழிற்சங்கம் பேசிக்கொண்டேதான் இருக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனதும் கேட்டதால் வந்ததுதான்.

அந்தத் தாயிடம் திட்டு வாங்காமலே நான் ஒரு பாடம் படித்தேன். இப்போது என்னிடம் வருகிறவர்களிடம் "எங்கே வலிக்குது?" என்று கேட்டுவிட்டு, "போய் வர காசு இருக்கா?" என்றும் கேட்கிறேன். நீங்களும் கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். சொன்னால்தான் வழி தேட முடியும்.