கண்ணால் பார்த்துவிட்டு ஓடலாமா?

டிசம்பர் பிறந்துவிட்டால் டொர்னேடோ எனும் சுழல்காற்றின் பயம் இல்லை என்று நம்புகிறவர்கள் அமெரிக்காவில் இன்றும் உண்டு. அங்கே போய்க் குடியேறிய நம்மவர்களிடம் இந்த நம்பிக்கை இன்னும் கெட்டி. "அதெல்லாம் ஏப்ரல், மே சமாச்சாரம், அதுவும் ஓக்லஹோமா, கான்சஸ் பக்கம்தான்" என்பார்கள். 2021 டிசம்பர் 10-ஆம் தேதி இரவை வைத்துப் பார்த்தால் இந்தப் பேச்சில் ஒரு சொல்லும் தேறாது.

அன்று மாலை ஆர்கன்சாஸில் திரண்ட சுழன்றபடி நகரும் ஒரே ஒரு 'சூப்பர்செல்' இடிமேகம் மிசௌரியின் தென்கோடி, டென்னஸி, கென்டகி என நான்கு மாநிலங்களைத் தாண்டி கிட்டத்தட்ட நள்ளிரவு வரை ஓடியது. அதிலிருந்தும், அதே இரவில் எழுந்த மற்ற மேகங்களிலிருந்தும் இறங்கிய டொர்னேடோக்கள் 80-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றன. டிசம்பரில் இத்தனை பேரைப் பலிவாங்கிய டொர்னேடோத் தொடர் அமெரிக்கப் பதிவேட்டில் வேறு இல்லை. அதற்கு முன் டிசம்பரின் மோசமான நிகழ்வு என்று சொல்லப்பட்டது 1953-இல் மிசிசிப்பி மாநிலத்து விக்ஸ்பர்க்கைத் தாக்கியது. அதில் இறந்தவர்கள் 38 பேர்.

டொர்னேடோ நாள்காட்டி பார்த்து வருவதில்லை. அதற்கு வேண்டியவை இரண்டு: தரையோரம் ஈரமும் வெதுவெதுப்புமான காற்று, மேலே போகப்போக வேகமும் திசையும் மாறிக்கொண்டே போகும் காற்று. இரண்டாவது சரக்கு குளிர்காலத்தில்தான் தாராளம், ஜெட் காற்றோட்டம் அப்போது தெற்கே இறங்கி வலுத்து வீசும். வழக்கமாகக் கிடைக்காதது முதலாவது. அன்று மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று கென்டகி வரை ஏறி வந்து அந்தக் குறையையும் தீர்த்துவைத்தது. மேலே காற்று இப்படி விரைந்தால் மேகமும் விரையும். அன்றைய மேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் ஓடியது. குளிர்கால டொர்னேடோ சோனி என்று நினைப்பவர்கள் இந்த வேகத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

"திடீரென்று வந்துவிட்டது, யாருக்கும் தெரியவில்லை" என்பது மறுநாள் எப்போதும் கேட்கிற வாக்கியம். பாதிக்கப்பட்டவர் அப்படிச் சொன்னால் அதில் நியாயம் உண்டு. செய்தி வாசிப்பவர் சொன்னால் இல்லை. ஓக்லஹோமாவின் நார்மன் நகரிலுள்ள புயல் முன்கணிப்பு மையம் அன்று இருட்டுவதற்கு முன்பே அபாய அளவை ஐந்து படிகளில் நான்காவதற்கு உயர்த்தியிருந்தது. பிறகு பெரிய பரப்புகளுக்கு 'வாட்ச்' வந்தது: சூழல் கூடியிருக்கிறது, விழிப்பாக இருங்கள் என்று அதற்குப் பொருள். உள்ளூர் வானிலை அலுவலகம் தருவது 'வார்னிங்': வந்துவிட்டது, உடனே ஒதுங்குங்கள். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிலும் ஏராளம்.

நம்மூரில் வங்கக்கடல் புயலை நாள்கணக்கில் பின்தொடர்ந்து பழகியவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம். மாமல்லபுரமா நாகப்பட்டினமா என்று நாம் பேசிக்கொண்டிருக்க நேரம் தரும். டொர்னேடோவின் அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டர், அரிதாகச் சில கிலோமீட்டர். எந்தத் தெரு என்று முந்தின நாளே சொல்ல எந்தக் கணினியாலும் ஆகாது. வார்னிங் வந்தபின் கையில் இருப்பது பல சமயம் பத்து நிமிடம்தான்.

அந்தப் பத்து நிமிடத்தை ரேடார் எப்படிச் சம்பாதித்துத் தருகிறது? டாப்ளர் ரேடார் மழையை மட்டும் பார்ப்பதில்லை. மழைத்துளி தன்னை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்றும் அளக்கிறது. வருவதும் போவதும் அக்கம்பக்கமாக ஒட்டிக்கொண்டு தெரிந்தால் அங்கே காற்று சுழல்கிறது. சுழல்கிறது என்றால் தரையைத் தொட்டுவிட்டது என்று ஆகாது. அதைச் சொல்வது வேறொரு கணக்கு. இப்போதைய ரேடார்கள் கிடைமட்டம், செங்குத்து என இரு விதமாக அலையை அனுப்புகின்றன. மழைத்துளிகள் வடிவில் ஒன்றையொன்று ஒத்திருக்கும். பிய்ந்த கூரைத் தகடும் மரக்கிளையும் அப்படி ஒத்துப்போகா. அந்த வேறுபாடு ரேடாரில் ஒரு திட்டாகத் தெரிந்தால், மேலே பறப்பது மழை இல்லை, யாரோ ஒருவருடைய வீடு. அன்று கென்டகியின் மேஃபீல்டு நகரை நெருங்கிய மேகத்தில் இந்தத் திட்டு தெரிந்தது. படூகா வானிலை அலுவலகம் அந்த ஊருக்கு 'டொர்னேடோ எமர்ஜென்சி' அறிவித்தது. எச்சரிக்கையில் அதற்கு மேல் ஒரு படி கிடையாது. இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு மேஃபீல்டின் நடுப்பகுதி தரைமட்டமானது. அந்த ஓட்டத்தில் இடிபாடுகள் 9 கிலோமீட்டர் உயரம் வரை போனதை ரேடார் பதிவு செய்திருக்கிறது. அதே மாநிலத்து டாசன் ஸ்பிரிங்ஸில் சிதைந்த வீட்டுப் புகைப்படம் ஒன்று, சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி இந்தியானா மாநிலத்தில் கிடைத்தது.

ரேடாரைப் புகழ்ந்தாயிற்று. அதன் பெயரால் வளர்ந்த மூடநம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். கைபேசியில் ஓடும் வண்ணப்படம் 'லைவ்' என்று பலர் நினைக்கிறார்கள். வானத்தைப் பல உயரங்களில் சுற்றி அளந்து முடிக்கவே ரேடாருக்குச் சில நிமிடம் ஆகும். செயலிக்கு வந்துசேர இன்னும் கொஞ்சம். ஐந்து நிமிடத்தில் அன்றைய மேகம் ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். "இன்னும் நம்ம ஏரியாவுக்கு வரலை" என்று படத்தைப் பார்த்துச் சொல்பவர் பழைய செய்தியைப் படிக்கிறார். இன்னொன்று, பூமி வளைந்திருக்கிறது. ரேடாரிலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி அதன் தாழ்ந்த கதிரே தரைக்குமேல் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில்தான் போகும். கீழே நடப்பது அதற்குத் தெரியாமலும் போகலாம்.

ஆகவே வாசலில் நின்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். இந்த நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்பேன். டிசம்பரில் சீக்கிரம் இருட்டிவிடும். மழைத்திரைக்குள் மறைந்து வரும் டொர்னேடோ மின்னல் வெட்டும் நொடியில் மட்டும் தெரியும். பல நேரம் அதுவும் இல்லை. இரவு டொர்னேடோவில் உயிர்ச்சேதம் நேரும் வாய்ப்பு பகலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. சங்கு ஒலிக்குமே என்றால், அது வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தது. சன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவரை எழுப்பும் என்று எதிர்பார்க்க முடியாது.

டொர்னேடோ ஆற்றைத் தாண்டாது, ஆறு காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கு நீண்ட பதில் தேவையில்லை. அன்று அந்த மேகத்தின் முதல் டொர்னேடோ மிசிசிப்பி ஆற்றையே கடந்தது. சன்னலைத் திறந்துவைத்தால் வீடு வெடிக்காது என்பதும் வீண்பேச்சு. வீட்டை உடைப்பது காற்றும் அது எறியும் பொருள்களும்தான், திறந்த சன்னல் அந்தக் காற்றுக்கு உள்ளே வழிவிட்டுக் கூரையைத் தூக்கவே உதவும். நெடுஞ்சாலைப் பாலத்தடி ஒதுங்குவது இன்னும் மோசம். 1999 மே 3-இல் ஓக்லஹோமாவில் அப்படி ஒதுங்கியவர்களில் மூன்று பாலங்களடியில் மூவர் இறந்தார்கள். வண்டிக்குள் இருப்பதும் பாதுகாப்பில்லை: 2015 டிசம்பர் 26 இரவு டாலஸ் அருகே கார்லண்டைத் தாக்கிய டொர்னேடோவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் வண்டிக்குள் இருந்தவர்கள்.

பெரிய கட்டடம் என்றால் பத்திரம் என்ற எண்ணமும் மேஃபீல்டில் உடைந்தது. அங்கே மெழுகுவத்தி ஆலை ஒன்றில் இரவு வேலையில் இருந்தவர்கள் சுமார் 110 பேர். ஒன்பது பேர் இறந்தார்கள். அகன்ற கூரையை ஓரச் சுவர்கள் தாங்கும் கட்டடத்தில் ஒரு பக்கம் போனால் மற்றதும் சரியும். சின்ன வீட்டின் நடுவிலுள்ள சன்னலில்லாத குளியலறை பல சமயம் அதைவிட மேல்.

அன்றிரவே பரவிய எண்களையும் நம்ப வேண்டியதில்லை. 1925-இல் மூன்று மாநிலங்களில் 352 கிலோமீட்டர் ஓடி 695 பேரைக் கொன்ற டொர்னேடோவின் தூரச் சாதனை முறிந்துவிட்டது என்று பலரும் எழுதினார்கள். தடத்தை அளந்தபோது 2021-இல் ஓடியது ஒரே டொர்னேடோ இல்லை என்று தெரிந்தது: ஒரே மேகம் அடுத்தடுத்து இறக்கிய இரண்டு. கென்டகியைச் சிதைத்த இரண்டாவதன் நீளம் சுமார் 267 கிலோமீட்டர். டொர்னேடோவின் வலிமையைக் குறிக்கும் இஎஃப் அளவுகோலில் உச்சப் பிரிவான இஎஃப்-5 என்றார்கள். சேதத்தை வைத்துக் கணித்த காற்றுவேகம் மணிக்குச் சுமார் 305 கிலோமீட்டர், ஆகவே இஎஃப்-4. ஆலைக்குள் பல பத்துப் பேர் மாண்டிருப்பார்கள் என்ற முதல் நாள் அச்சமும் நல்லவேளையாகப் பொய்த்தது.

அமெரிக்காவின் தெற்கிலோ நடுப்பகுதியிலோ பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் அடுத்த முறை பேசும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். கைபேசியில் அவசர எச்சரிக்கையை நிறுத்தி வைத்திருக்கிறார்களா? வீட்டின் கீழ்த்தளத்தில் சன்னலில்லாத அறை எது? இரண்டாவதற்கு உடனே பதில் வரவில்லை என்றால், போனை வைக்குமுன் அதைத் தீர்மானிக்கச் சொல்லுங்கள்.