கோழிக்கறி விற்கும் கடைக்காரர் கவனத்திற்கு

இன்று மளிகைக் கடைகள் பலவற்றில் ஃப்ரீசர் பெட்டி வைத்துக் கோழிக்கறி பாக்கெட்டும் விற்கிறோம். பருப்பில் வண்டு விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். பச்சைக் கோழியில் உள்ள கிருமி கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஆகவே விவரம் அறிந்து விற்பது நம் கடமை.

பிரிட்டன் அரசின் உணவுத் தர அமைப்பு 2014 பிப்ரவரி தொடங்கி ஓராண்டு காலம், கடைகளில் விற்ற 4,000-க்கும் மேற்பட்ட பச்சைக் கோழிகளைச் சோதித்தது. நூற்றுக்கு 73 கோழிகளில் காம்பைலோபாக்டர் என்னும் கிருமி இருந்தது. நூற்றுக்குச் சுமார் 7 பாக்கெட்டுகளின் வெளிப்புறத்திலும் அது ஒட்டியிருந்தது!

இக்கிருமியும் சால்மொனெல்லாவும் கோழியின் குடலில் வாழ்பவை. கோழி நோயின்றியே இருக்கும். அறுத்துச் சுத்தம் செய்யும்போது கறியில் ஒட்டிக்கொள்கின்றன. மனிதருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஆபத்து அதிகம். நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடும். உறைய வைத்தால் முழுதும் சாகாது. கறி இளகியதும் சால்மொனெல்லா மீண்டும் பெருகும்.

ஒரு கோடையில் எங்கள் கடையில் இரவு முழுதும் மின்சாரம் இல்லை. காலையில் பாக்கெட்டுகள் எல்லாம் இளகிக் கிடந்தன. "மறுபடி உறைய வைத்துவிட்டால் யாருக்கு முதலாளி தெரியப்போகிறது?" என்றார் கணக்குப்பிள்ளை. போட்ட முதலை நினைத்து நாங்களும் சற்றுத் தயங்கினோம். பிறகு அத்தனையையும் குழி தோண்டிப் புதைத்தோம். அந்த நஷ்டம் சில மாதங்களில் ஈடாகிவிட்டது. ஒரு வீட்டுப் பிள்ளை படுத்திருந்தால், போன பெயரை எதைக் கொண்டு ஈடு செய்வது?

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்கட்டும். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். மின்கட்டணத்துக்கு அஞ்சி இரவில் சுவிட்சை அணைக்காதீர்கள்.

2. உறையாத கறியை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மேலே வைத்தால் கறிநீர் தயிர், வெண்ணெய் மீது சொட்டும்.

3. கோழி பாக்கெட்டைத் தனிப் பையில் போட்டுக் கொடுங்கள். அதைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் ரொட்டியையும் பழத்தையும் எடுக்க வேண்டாம்.

4. வாங்குவோரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: குழாயடியில் நீர் தெறிக்கக் கறியைக் கழுவினால், கிருமி பக்கத்துப் பாத்திரங்களுக்கும் பரவும். கறியின் நடுப்பகுதி வரை நன்றாக வேக வேண்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். வாடிக்கையாளர் நம்பிக்கையே நம் மூலதனம்.