பிக்கப் வண்டியின் அடிவயிற்றுக்கு இரும்புத் தகடு

காளைக்கு லாடம் அடிக்காமல் கப்பிச் சாலையில் ஓட்டும் வழக்கம் நம்மிடம் இருந்ததில்லை. ஆனால் கடன் பட்டு வாங்கிய பிக்கப் வண்டியை மட்டும் அடியில் எந்தக் காப்பும் இல்லாமல் வயல் பாட்டையில் இறக்கிவிடுகிறோம்.

2005-ம் ஆண்டில் டாட்டா ஏஸ் வந்தபின் சிறிய சுமை வண்டிகள் கிராமங்களில் பெருகின. ‘குட்டி யானை’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். தா.பழூர் வட்டாரத்தில் கொள்ளிடக் கரையோர ஊர்களிலும் பொன்னாற்றுப் பாசனப் பகுதியிலும் நெல் மூட்டை, உரம், கரும்புக் கரணை எல்லாம் இத்தகைய வண்டிகளில் போகின்றன. இவை தார்ச் சாலையை எண்ணிச் செய்யப்பட்டவை. வாய்க்கால் கரையும் வரப்பு வழியும் இவற்றுக்குச் சோதனைதான்.

இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியை ஆயில் சேம்பர் என்கிறோம். ஒரு கல் அதில் பட்டு ஓட்டை விழுந்தால் எண்ணெய் முழுவதும் வடிந்துவிடும். எண்ணெய் இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே பேரிங்குகள் தேய்ந்து இன்ஜின் இறுகிவிடும். அறுவடை நேரத்தில் இப்படி வண்டி நின்றால் களத்து நெல் கொள்முதல் நிலையம் போய்ச் சேராது. வண்டி நின்றாலும் கடன் தவணை நிற்காது. பட்டறையில் ஒரு நாளில் செய்து மாட்டக்கூடிய தகடு இந்த நஷ்டத்தைத் தடுக்கும்.

எங்கே அடி படுகிறது?

டிராக்டர் ஓடிய பாட்டையில் இரு பக்கமும் பள்ளமாகி நடுவில் மேடு நிற்கும். டிராக்டரின் வயிறு உயரமானது, தப்பிவிடும். பிக்கப்பின் வயிறு அந்த மேட்டில் உரசும். கரும்பு வெட்டிய கொல்லையில் நிற்கும் அடிக்கட்டை, வாய்க்கால் மதகின் கல், சாலையில் லாரியிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புக்கல் ஆகியவையும் அடியில் இடிக்கும்.

முதலில் உங்கள் வண்டியை அளந்து பாருங்கள். வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றி, டயரில் சரியான காற்று வைத்து, சமதரையில் நிறுத்தித் தரைக்கும் ஆயில் சேம்பருக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக் கொள்ளுங்கள். வெறும் வண்டியில் எடுத்த அளவு ஏமாற்றும். பாரம் ஏற்றினால் வில்பட்டை அமுங்கி வண்டி தாழும்.

சில வண்டிகளில் கம்பெனியிலேயே பிளாஸ்டிக் மூடி போட்டிருப்பார்கள். அது சேறும் தண்ணீரும் தெறிக்காமல் இருப்பதற்கு. கல்லைத் தாங்காது.

எந்தத் தகடு?

சிறிய வண்டிக்கு 3 மில்லிமீட்டர், பெரிய பிக்கப்புக்கு 4 மில்லிமீட்டர் கனமுள்ள சாதாரண இரும்புத் தகடு போதும். கனம் கூடினால் நல்லது என்று 6 மில்லிமீட்டர் போட வேண்டாம். 2 அடிக்கு 2 அடி உள்ள 3 மில்லிமீட்டர் தகடு ஏறக்குறைய 8¾ கிலோ. அதே அளவு 6 மில்லிமீட்டர் தகடு 17½ கிலோ. இன்ஜினுக்கு ஒன்றும் கியர் பெட்டிக்கு ஒன்றுமாக மாட்டினால் 35 கிலோ. கொள்முதல் நிலைய மூட்டை 40 கிலோ. ஏறக்குறைய ஒரு மூட்டை நெல்லை வண்டி நாள் முழுவதும் வீணாகச் சுமக்கும்.

அலுமினியத் தகடு எடையில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் விலை அதிகம். கிழிந்தால் எல்லாப் பட்டறையிலும் பற்றவைக்க முடியாது.

கொழுவாக வேண்டாம், பரம்பாக இருக்கட்டும்

தட்டையான தகட்டை அப்படியே மாட்டினால் அதன் முன்விளிம்பு கலப்பைக் கொழுவைப் போல மண்ணில் குத்தும். பரம்புப் பலகை வழுக்குவது போலத் தகடும் வழுக்க வேண்டும். ஆகவே முன்விளிம்பை மேல்நோக்கிச் சாய்வாக வளையுங்கள். இரு பக்க விளிம்புகளையும் ஓர் அங்குலம் மேலே மடித்தால் மெல்லிய தகடும் விறைப்பாக நிற்கும்.

இரண்டு தகடுகள் போட்டால், முன்தகட்டின் வால் பின்தகட்டின் முனைக்குக் கீழே வரவேண்டும். மாற்றி அமைத்தால் பின்தகட்டின் முனையில் கட்டை மாட்டிக்கொள்ளும்.

ஆயில் சேம்பருக்கும் தகட்டுக்கும் இடையே ஓர் அங்குலமாவது இடைவெளி தேவை. இன்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் ஆடிக்கொண்டிருப்பது. தகடும் அடிபடும்போது சற்று வளையும். எண்ணெய் இறக்கும் போல்ட்டுக்கு நேராக 3 அங்குலத் துளை போடுங்கள். சேறும் தண்ணீரும் வடிய ஓர் அங்குலத் துளைகள் நாலைந்து இருக்கட்டும். ரேடியேட்டர் வழியாக வரும் காற்று வெளியேறப் பக்கங்களிலும் பின்புறமும் இடம் விடுங்கள். முழுக்க அடைத்தால் இன்ஜின் சூடேறும்.

பொருத்தும் முறை

1. வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் படுக்காதீர்கள். உறுதியான இரும்பு ஸ்டாண்டுகள் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். செங்கல் அடுக்கி நிறுத்துவது உயிருக்கு ஆபத்து.

2. அட்டையில் அளவு வெட்டிப் பொருத்திப் பார்த்தபின் தகட்டை வெட்டுங்கள்.

3. சேஸில் ஏற்கனவே உள்ள துளைகளையே பயன்படுத்துங்கள். துளை இல்லாத இடத்தில் கிளாம்ப் போடலாம். சேஸில் புதுத் துளை போடுவதும் பற்றவைப்பதும் கூடாது. பற்றவைத்த சூட்டில் சேஸின் உறுதி குறையும். தாங்கிகளை வெளியில் வைத்துப் பற்றவைத்துப் பிறகு மாட்டுங்கள்.

4. தலையில் 8.8 என்று பொறித்த 10 மில்லிமீட்டர் போல்ட்டும், தானாகக் கழலாத நைலான் நட்டும் போடுங்கள். போல்ட் தலை தகட்டுக்கு வெளியே துருத்தாமல் குழிவுக்குள் அமைவது நல்லது. துருத்தினால் கல்லில் தேய்ந்து, பிறகு ஸ்பானர் பிடிக்காது.

5. இன்ஜின், கியர் பெட்டி, அச்சு, ஸ்டியரிங் கம்பிகள் ஆகியவற்றில் தகட்டைக் கட்டக்கூடாது. சேஸும் அதன் குறுக்குச் சட்டமும்தான் தாங்க வேண்டும்.

6. ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். பிரேக் குழாய், வயர், டீசல் குழாய் எதிலும் தகடு உரசக்கூடாது.

மாட்டுவதற்கு முன் ரெட் ஆக்சைடு அடித்து மேலே பெயிண்ட் பூசுங்கள்.

வைக்கோலும் தீயும்

நம் பகுதி விவசாயிகள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். தை, மாசி மாதங்களில் வைக்கோல் பரப்பிய சாலையிலும், சோகை கிடக்கும் கரும்புக் கொல்லையிலும் வண்டி போகும்போது தகட்டுக்கு மேலே வைக்கோல் சேரும். புகைக்குழாயின் சூட்டில் அது பற்றிக்கொள்ளலாம். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.-6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்யும் நேரத்தில் உள்ளே வெப்பம் 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உயரும்.

ஆகவே புகைக்குழாய்க்கும் வடிகட்டிக்கும் அடியில் தகடு போடாதீர்கள். அறுவடைக் காலத்தில் தினமும் வேலை முடிந்து இன்ஜின் ஆறியபின் அடியில் கையை விட்டு வைக்கோலை எடுத்துவிடுங்கள். வைக்கோல் குவியலின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். வண்டியில் சிறிய தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும்.

மாட்டிய பிறகு

முதல் நாள் பாரம் ஏற்றி ஓட்டி, சூடு காட்டும் முள்ளைக் கவனியுங்கள். முன்பைவிட ஏறினால் காற்று போகும் வழியைக் கூட்ட வேண்டும். 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் மீண்டும் முறுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சேறு தேங்கித் துருப்பிடிக்கும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். எண்ணெய் கசிந்தாலும் தகடு மறைத்துவிடும் என்பதால், வாரம் ஒருமுறை துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள்.

தகடு இருக்கிறது என்ற தைரியத்தில் கல்லின் மேல் வேகமாக ஏற்றக்கூடாது. பின் அச்சின் நடுவில் உள்ள உருண்டையான பெட்டிக்குத் தகடு காப்பாகாது. நடுமேடு உயர்ந்த பாட்டையில் ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டின் மேல் ஏற்றி மெல்ல ஓட்டுங்கள். அடியில் பலமாக இடித்தால் உடனே நிறுத்திப் பாருங்கள். எண்ணெய் விளக்கு எரிந்தால் ‘வீடுவரை போய்விடலாம்’ என்று எண்ணாமல் அந்த இடத்திலேயே இன்ஜினை அணையுங்கள். கட்டி இழுத்து வரும் செலவு சிறிது; இன்ஜின் செலவு பெரிது.

சட்டமும் உத்தரவாதமும்

வண்டியின் முகப்பில் கம்பிக் காப்பு பொருத்துவது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்கு முரணானது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. ஆகவே அடித்தகடு முன் பம்பரைத் தாண்டி வெளியே நீளக்கூடாது. புது வண்டியாக இருந்தால் வெளிப் பட்டறைக்குப் போகுமுன் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கேளுங்கள். உங்கள் வண்டிக்கென்றே செய்த தகடு கிடைக்கலாம்; உத்தரவாதத்துக்கும் கேடு வராது.

அடுத்த முறை ஆயில் மாற்ற வண்டியைத் தூக்கும்போது, அடியில் உள்ள கீறல்களை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆயில் சேம்பரில் ஒரு கீறல் கண்டாலும் தகடு போடத் தாமதிக்க வேண்டாம்.