வேற்றுலகில் உயிர் உண்டா?



அண்மையில் தமிழ் வகுப்பு முடிந்ததும் ஒரு சிறுமி எம்மிடம் கேட்டாள்: "மாமா, வேறை கோள்களிலையும் ஆக்கள் இருக்கினமோ?" நின்றவர்களில் ஒருவர் உண்டு என்றார், மற்றவர் இல்லை என்றார். இரண்டும் அவசர விடைகள். கணக்கெழுதிப் பழகிய நாம் ஆதாரத்தைப் பார்த்த பின்பே விடை சொல்ல விரும்புகிறோம்.

திருவாசகத்தின் திருவண்டப் பகுதியை ஓதிய எமக்கு, அண்டங்கள் பல என்பது புதிய செய்தியன்று. அவற்றை அளப்பதில் நாம் வாழும் ஓகூஸ் நகருக்கும் பங்குண்டு.

2009 மார்ச்சில் நாசா ஏவிய கெப்ளர் விண்தொலைகாட்டி 2018 இல் ஓய்வு பெற்றது. அதன் மூலம் 2,600 இற்கு மேற்பட்ட கோள்கள் அறியப்பட்டன. ஒரு கோள் தன் நட்சத்திரத்தின் முன்னால் கடக்கும்போது ஒளி சற்றுக் குறையும். பூமியளவுக் கோள் சூரியன் போன்ற நட்சத்திரத்தைக் கடந்தால் குறைவது 10,000 இல் ஒரு பங்கிலும் குறைவு. ஆனால் நட்சத்திரத்தின் பருமன் தெரியாவிட்டால் கோளின் பருமனும் தெரியாது.

கோயில் மணியின் ஓசையைக் கேட்டே அது பெரிய மணியா, சிறிய மணியா என்று அறிகிறோம் அல்லவா? நட்சத்திரங்களும் அதிர்கின்றன. அவ்வதிர்வு ஒளியின் நுண்ணிய ஏற்ற இறக்கமாகத் தெரியும். அதிலிருந்து பருமனையும் வயதையும் கணிக்கும் பன்னாட்டுப் பணியை, ஓகூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் யோர்கன் கிறிஸ்ரென்சன் டால்ஸ்கோர் முன்னின்று நடத்தினார். இம்முறையால் கெப்ளர்-444 எனும் நட்சத்திரத்தின் வயது ஏறக்குறைய 1,120 கோடி ஆண்டுகள் என 2015 இல் அறிவிக்கப்பட்டது. அதைச் சுற்றுபவை பூமியிலும் சிறிய ஐந்து கோள்கள். பூமியின் வயதோ 454 கோடிதான். ஆகவே பூமிக்கு வெகு முன்னரே கோள்கள் இருந்தன. ஆனால் வீடு இருப்பது வேறு, குடியிருப்பது வேறு.

குடியிருப்பைப் பற்றி இலங்கையிற் பிறந்த இருவர் ஆராய்ந்தனர். 1969 இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் உண்டென, காலியிற் பிறந்த சிறில் பொன்னம்பெருமவும் நாசாக் குழுவினரும் 1970 இல் அறிவித்தனர். பூமியின் உயிர்கள் பெரும்பாலும் இடக்கை வடிவ அமினோ அமிலங்களையே பயன்படுத்தும். அக்கல்லிலோ இடக்கை, வலக்கை இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருந்தன. எனவே அவை இங்கு ஒட்டிய அழுக்கல்ல. ஆனாலும் அவை மூலப்பொருளே, உயிரல்ல.

2012 டிசெம்பரில் பொலன்னறுவைப் பகுதியில் விழுந்ததாகக் கூறப்பட்ட கற்களில் டயற்றம் எனும் நுண்பாசியின் சுவடு உண்டென, கொழும்பிற் பிறந்த சந்திரா விக்கிரமசிங்கவும் குழுவினரும் 2013 இல் அறிவித்தனர். அவை பூமியின் நன்னீர்ப் பாசிகளே என்றும், அது விண்கல்தானா என்பதே ஐயம் என்றும் பிற ஆய்வாளர்கள் மறுத்தனர். முதலாவது கணக்கிற்குப் பற்றுச்சீட்டு உண்டு. இரண்டாவதற்கு இல்லை.

2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழுவினர், 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள கே2-18பி கோளில் உயிரின் அறிகுறியான வாயு இருக்கலாம் என்றனர். அது போதிய சான்றல்ல என்றனர் வேறு சிலர். ஒளிக்கு வேகம் உண்டென 1676 இல் காட்டிய ஓலே ரோமர் ஓகூசிற் பிறந்தவர். அவரது கண்டுபிடிப்பின்படி நாம் பார்ப்பது அக்கோளின் 124 ஆண்டு பழைய செய்தி.

பற்றுச்சீட்டு இல்லாததால் கணக்கையே வெட்டிவிடலாமா? இந்நாட்டுக்கு அகதியாக வந்தபோது எம்மிடமும் ஆதாரம் கேட்டார்கள். எரிந்த வீட்டின் உறுதியை எங்கிருந்து கொண்டு வருவது? கையிற் கடதாசி இல்லாததால், நடந்தது நடக்காமற் போகவில்லை. கணக்கியலில் இதற்கு ஒரு வழியுண்டு. தீர்வாகாத தொகையைத் தொங்கல் கணக்கில் வைத்து, தேடிக்கொண்டேயிருப்போம்.

ஆகவே அச்சிறுமிக்கு எமது விடை: "இன்னும் தெரியாது, பிள்ளை. தேடுகினம். நீயும் படிச்சுத் தேடலாம்." பெற்றோரே, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நாம் கூச வேண்டாம். பிள்ளைகளின் கேள்வி அங்கிருந்துதான் வளரும்.