எலியாஸ் தீர்க்கதரிசி தூங்கினார்



சில ஆண்டுகளுக்கு முன், நான் வேறொரு பங்கில் ஊழியம் செய்த காலத்தில், ஒரு தாயார் சாயங்கால வேளையில் என்னைக் காண வந்தார். கணவர் மூன்று மாதமாக நோய்ப்படுக்கையில் இருந்தார். வீட்டில் வருமானம் நின்றுபோயிருந்தது. திண்ணையில் உட்கார்ந்த அந்த அம்மாள் பண உதவி கேட்கவில்லை. "சாமி, ராத்திரி செபமாலையைக் கையில எடுத்தா ரெண்டாம் தேவ இரகசியம் முடியறதுக்குள்ள தூங்கிப்போயிடறேன். எனக்கு விசுவாசமே போயிடுச்சோன்னு பயமா இருக்கு" என்றார்.

"நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அம்மா?" என்று கேட்டேன்.

"அதை யாரு சாமி எண்ணிப் பார்த்தா!"

"வீட்டுக்குப் போங்கள். மூத்த மகளை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, இன்றிரவு நீங்கள் படுத்துத் தூங்குங்கள். உங்கள் செபமாலையை இன்றைக்கு நான் சொல்லிவிடுகிறேன்" என்றேன்.

அம்மாள் சிரித்துவிட்டார். "தூங்கச் சொல்ற சாமியாரை இப்பத்தான் பாக்கறேன். பிரசங்கத்துல தூங்கினா மட்டும் கோவிச்சுக்கிறீங்களே!" என்றார். பல வாரங்களுக்குப் பின் தாம் சிரித்தது அன்றுதான் என்று பிற்பாடு சொன்னார்.

நான் சொன்ன அந்த யோசனை என் சொந்த யோசனையல்ல. சர்வேசுரனே ஒரு தீர்க்கதரிசிக்குச் செய்த வைத்தியம் அது. மனம் சோர்ந்த காலத்தில் நாம் என்ன செய்வது என்பதற்கு அந்தச் சரித்திரமே இந்த வாரத்துப் பாடமாயிருக்கட்டும்.

சரித்திரம்

இது பழைய ஏற்பாட்டில், அரசராகமம் மூன்றாம் புத்தகம் 19-ம் அதிகாரத்தில் இருக்கிறது. (இக்காலப் பதிப்புகளில் அரசர் முதல் நூல் என்று தேடுங்கள்.) அதற்கு முந்தின அதிகாரத்தில், கார்மேல் மலையின்மேல் எலியாஸ் ஒற்றை ஆளாய் நின்று பாவாலின் 450 பொய்த் தீர்க்கதரிசிகளை வெட்கப்படுத்தினார். வானத்திலிருந்து அக்கினி இறங்கிற்று. நெடுங்காலம் பெய்யாதிருந்த மழையும் பெய்தது. இதைவிடப் பெரிய வெற்றி ஒரு மனிதனுக்கு வாய்க்குமா?

ஆனால் அந்த வெற்றியின் சூடு ஆறுமுன் ஜெசாபேல் இராணி அவரைக் கொன்றுபோடுவதாகச் சொல்லி அனுப்பினாள். 450 பேருக்கு அஞ்சாதவர் ஒருத்தியின் சொல்லுக்கு அஞ்சி ஓடினார். பெர்சபே ஊரில் தம் ஊழியனை விட்டுவிட்டு, தனியே ஒரு நாள் வழி வனாந்தரத்தில் நடந்து, ஒரு செடியின் கீழ் உட்கார்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் மன்றாடினார். பிறகு படுத்துத் தூங்கிப்போனார்.

சோர்வு தோல்வியடைந்தவர்களுக்கு மட்டுமே வரும் என்று எண்ணாதீர்கள். திருமணத்தை நடத்தி முடித்த வீட்டிலும், கடனைக் கட்டித் தீர்த்த மாதத்திலும் அது வரும். சரீரமும் மனமும் தம் பலத்தையெல்லாம் செலவழித்த பிறகு வரும். அது பாவமா? பாவமல்ல. நம்பிக்கை என்னும் புண்ணியத்துக்கு விரோதமான அவநம்பிக்கை என்ற பாவம் ஒன்று உண்டு. ஆனால் அது, சர்வேசுரனுடைய இரக்கத்தை வேண்டாமென்று மனம்பொருந்தித் தள்ளிவிடுவது. களைத்துப்போவது வேறு, தள்ளிவிடுவது வேறு. எலியாஸ் சாகவேண்டுமென்று கேட்டபோதும் ஆண்டவரிடத்திலேதான் கேட்டார் என்பதைக் கவனியுங்கள்.

முதல் மருந்து: இளைப்பாற்றி

இப்போது ஆண்டவர் என்ன செய்தார்? கடிந்துகொள்ளவில்லை. பிரசங்கமும் செய்யவில்லை. ஒரு சம்மனசை அனுப்பி அவரைத் தொட்டு எழுப்பி, தணலில் சுட்ட அப்பத்தையும் ஒரு குவளைத் தண்ணீரையும் காட்டினார். எலியாஸ் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். சம்மனசும் இரண்டாந்தரம் வரும் வரையில் அவரைத் தூங்கவிட்டது! அதன்பின்புதான் வழி நெடுந்தூரம் என்று சொல்லி மறுபடி உண்ணச் சொன்னது. அந்த ஆகாரத்தின் பலத்தால் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையைச் சேர்ந்தார்.

இளைப்பாற்றி என்ற சொல்லை நாம் மரித்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும்போதுதான் அதிகமாய் உபயோகிக்கிறோம். உயிரோடிருப்பவர்களுக்கும் அது தேவை. நம் ஆண்டவரே புயலடித்த படகில் தலையணையில் தலைசாய்த்துத் தூங்கினார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். சாப்பிடவும் நேரமில்லாமல் உழைத்த சீஷர்களைத் தனிமையான இடத்துக்கு அழைத்துப்போய் இளைப்பாறச் சொன்னவரும் அவரே.

ஆகையால், இரவு பதினொரு மணிக்கு மேல் எந்தப் பெரிய முடிவும் செய்யாதீர்கள். பசியோடும் தூக்கமில்லாமலும் பார்த்தால் சிறு கடனும் மலையாய்த் தெரியும். தந்தையரே, ஞாயிறு கடன்திருநாள் உங்களுக்கு ஓய்வு நாளாயும் உங்கள் மனைவிக்கு இரட்டிப்பு வேலை நாளாயும் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் ஒருவர் அடுப்படியைவிட்டு நகராமல் மற்றவர் இளைப்பாறுவது ஆண்டவர் கற்பித்த ஓய்வல்ல.

இரண்டாம் மருந்து: நகைப்பு

வேதாகமத்தைச் சிரித்துக்கொண்டு வாசிக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். இந்தச் சரித்திரத்தையே பாருங்கள். கார்மேல் மலையில் எலியாஸ், உங்கள் தேவன் ஒருவேளை தூங்குகிறானோ என்று பாவாலின் ஆட்களைப் பரிகாசம் செய்தார். அடுத்த அதிகாரத்தில் தாமே செடியடியில் தூங்குகிறார்! சாகவேண்டும் என்கிறார். சாவதுதான் விருப்பமென்றால் அத்தனை தூரம் நடந்திருக்க வேண்டியதில்லை. ஜெசாபேல் ஊரிலேயே காத்திருந்தாள். எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை என்னவெனில், சாவைக் கேட்ட அந்த மனிதர் கடைசியில் சாகவே இல்லை. அக்கினி இரதம் வந்து அவரை எடுத்துக்கொண்டது. சர்வேசுரன் நம் எல்லா மன்றாட்டுகளையும் கேட்ட மாதிரியே கொடுத்துவிடுவதில்லை என்பது எவ்வளவு நல்ல காரியம்!

இங்கிலாந்து தேசத்து அர்ச். தோமாஸ் மூர் இந்த மருந்தை நன்றாய் அறிந்தவர். அத்தேசத்தின் பெரிய மந்திரி பதவியை விட்டவர். எட்டாம் ஹென்றி அரசன் தன்னைத் திருச்சபைக்குத் தலைவனாக்கிக்கொண்டபோது, அதற்கு ஆணையிட மறுத்து 1534-ல் லண்டன் கோபுரச் சிறையில் அடைபட்டார். அங்கே, துன்பத்தில் ஆறுதலைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் வேடிக்கைக் கதைகளும் கலந்திருக்கின்றன. 1535-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி கொலைமேடை ஏறும்போது படிகள் ஆட்டங்கண்டிருந்தன. ஏறுவதற்குக் கொஞ்சம் கைகொடுக்கும்படியும், இறங்குகிறதைத் தாமே பார்த்துக்கொள்வதாகவும் காவல் அதிகாரியிடம் சொன்னாராம். 1935-ல் அவருக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டம் அளிக்கப்பட்டது.

அவர் சிரித்தது வலி தெரியாததினால் அல்ல. மனைவி மக்களைப் பிரியும் துக்கம் அவருக்கும் இருந்தது. ஆனால் தம்மைவிடப் பெரியவர் ஒருவர் உலகத்தை நடத்துகிறார் என்று அறிந்தவனுக்குத் தன்னைப் பார்த்தே கொஞ்சம் சிரிக்க முடியும். பிறரைக் குத்துகிற நகைப்பு வேறு, தன் வீம்பைக் கரைக்கிற நகைப்பு வேறு. முந்தினது குடும்பத்தைப் பிரிக்கும். பிந்தினது மருந்து.

மூன்றாம் மருந்து: நம்பிக்கை

ஓரேப் மலையில் எலியாஸ், தாம் ஒருவர் மட்டுமே மிஞ்சியிருப்பதாக முறையிட்டார். ஆண்டவர் அந்தக் கணக்கைத் திருத்தினார். பாவாலுக்கு முழங்கால் மடக்காதவர்கள் இன்னும் ஏழாயிரம் பேர் உண்டு என்றார். பிறகு செய்யவேண்டிய வேலையைக் கொடுத்தார். துணைக்கு எலிசேயுவையும் கொடுத்தார். ஊழியனை விட்டுவிட்டுத் தனியே ஓடினவருக்கு ஒரு தோழன் கிடைத்தான்.

நம் காலத்துச் சாட்சி ஒருவரையும் சொல்லுகிறேன். வியட்நாம் தேசத்து மேற்றிராணியார் பிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவான், 1975-ம் ஆண்டு தேவமாதா பரலோகத்துக்கு ஆரோபணமான திருநாளன்று கைதானார். அப்போது வயது 47. விசாரணையின்றி 13 ஆண்டுகள் அடைபட்டிருந்தார், அதில் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. வயிற்று நோய்க்கு மருந்து வேண்டுமென்று எழுதியனுப்ப, விஷயத்தைப் புரிந்துகொண்ட கிறிஸ்தவர்கள் சிறு குப்பியில் திராட்சை இரசம் அனுப்பினார்கள். மூன்று சொட்டு இரசத்தையும் ஒரு சொட்டுத் தண்ணீரையும் உள்ளங்கையில் வைத்துப் பூசை செய்தார்.

அவரை வாட்டினது பசியைவிட வேறொன்று. நல்ல வயதில், மேய்க்கவேண்டிய மந்தையை விட்டு, ஒன்றும் செய்யாமல் கிடக்கிறோமே என்ற வேதனை. ஒரு நாள் அவருக்கு ஒரு தெளிவு பிறந்தது. சர்வேசுரன் வேறு, சர்வேசுரனுக்காக நாம் செய்யும் வேலைகள் வேறு. வேலையை எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. அவரையோ யாரும் நம்மிடமிருந்து எடுத்துவிட முடியாது. அன்றுமுதல் அவருக்குச் சமாதானம் உண்டாயிற்று. 1988-ல் விடுதலையாகி, 2001-ல் கர்தினாலாகி, 2002-ல் மரித்தார்.

நானும் நாற்பதைத் தாண்டியவன். பாதியில் நிற்கும் காரியங்களை எண்ணித் தூக்கமில்லாமல் கிடந்த இரவுகள் எனக்கும் உண்டு. ஆகையால் இந்தப் பாடத்தை முதலாவது எனக்கே சொல்லிக்கொள்ளுகிறேன். நம்பிக்கை என்பது உற்சாகமல்ல. உற்சாகம் காலையில் வந்து மாலையில் போகும். நம்பிக்கையோ, உற்சாகம் இல்லாத நாளிலும் ஆண்டவர் கையை விடாமல் பிடித்திருப்பது.

ஓர் எச்சரிக்கை

சோர்வு வாரக்கணக்காய் நீடித்து, உணவும் தூக்கமும் கெட்டு, உயிரின்மேல் வெறுப்பு வந்தால் மறைக்காதீர்கள். அன்றைக்கே வீட்டாரிடம் சொல்லி வைத்தியரிடம் போங்கள். அது விசுவாசக் குறைவல்ல. காய்ச்சலுக்கு மருந்து சாப்பிடுவதில் வெட்கமில்லாததுபோல இதிலும் வெட்கமில்லை. சம்மனசு அப்பம் கொண்டுவந்ததுபோல, இக்காலத்தில் ஆண்டவர் வைத்தியரையும் அனுப்புகிறார்.

இந்த வாரம் குடும்பத்தில் செய்யவேண்டியவை

1. நம் வீட்டில் மிகவும் களைத்திருப்பவர் யார்? அவருக்கு ஒரு பொழுது முழு ஓய்வு கொடுங்கள்.

2. இராச் செபத்துக்குப் பின், அன்றைக்கு அவரவர் செய்த ஓர் அசட்டுக் காரியத்தைச் சொல்லிச் சேர்ந்து சிரியுங்கள். தகப்பனார் முதலில் தொடங்கட்டும்.

3. தனியே இருக்கிறோமென்று எண்ணும் அயலார் ஒருவர் வீட்டுக்கு ஏதாவது ஒரு பலகாரத்தோடு போய்வாருங்கள். அந்த ஏழாயிரம் பேரில் ஒருவர் நீங்கள்.

செபமாலை சொல்லும்போது தூக்கம் வந்தால் பயப்படாதீர்கள். தேவமாதாவும் ஒரு குழந்தையைத் தூங்கவைத்தவர்களே. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் மட்டும் தயவுசெய்து கொஞ்சம் விழித்திருங்கள்.

உங்கள் பங்குச் சுவாமியார்