தாழ்மை என்னும் ஏணி

பணிவு என்ற சொல்லை நாம் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் கேட்கிறோம். எதிர்த்துப் பேசும் பிள்ளையைக் கண்டிக்கும்போது ஒன்று. இரங்கல் கூட்டத்தில் மறைந்தவரைப் புகழும்போது மற்றொன்று. இடையிலுள்ள அறுபது எழுபது ஆண்டுகளில் அந்தச் சொல்லுக்கு அதிக வேலை இருப்பதில்லை. அலுவலகத்தில் அது கைகட்டி நிற்பதாகவும், வீட்டில் வாய்மூடி இருப்பதாகவும் சுருங்கிவிடுகிறது. தாழ்மைதான் எல்லா நற்பண்புகளுக்கும் அடித்தளம் என்று கிறிஸ்தவப் பெரியோர் சொல்லி வந்திருக்கிறார்கள். அவர்கள் சொன்னது இந்தக் கைகட்டலைத்தானா? இல்லை என்பதே என் துணிபு. கிறிஸ்தவர் அல்லாத நம் சங்கத்து அன்பர்களுக்கும் விளங்கும்படி அதைச் சிறிது விரித்துச் சொல்ல முயல்கிறேன்.

பழைய கிரேக்க, ரோம உலகத்தில் தாழ்மை ஒரு நற்பண்பாகவே எண்ணப்படவில்லை. அதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அடிமைக்கும் ஏழைக்கும் உரிய இழிநிலையைச் சுட்டியது. வீரமும் புகழும் தேடுகிற ஒருவன் விரும்பி ஏற்கும் குணம் அல்ல அது. லத்தீன் சொல்லான 'ஹூமிலிட்டாஸ்' மண்ணைக் குறிக்கும் 'ஹூமுஸ்' என்பதோடு உறவுடையது. தூய பவுல் சிறையிலிருந்து கடிதம் எழுதிய பிலிப்பி நகரம் ரோமப் பேரரசின் குடியேற்ற நகரம். ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்திய ஊர். யார் ரோமக் குடிமகன், யாருக்கு என்ன பட்டம் என்பதெல்லாம் அங்கே பெரிய காரியம். அப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்குத்தான், இறைத்தன்மை உடைய கிறிஸ்து தம் நிலையைப் பற்றிக்கொண்டிராமல் அடிமையின் கோலம் எடுத்தார், சிலுவைச் சாவு வரை கீழே இறங்கினார் என்று பவுல் எழுதினார் (பிலிப்பியர் 2ஆம் அதிகாரம்). இதில் கவனிக்க வேண்டியது, இறங்கியவர் மேலே இருந்தவர் என்பது. கீழே இருந்தவனை இன்னும் கீழே போகச் சொன்ன கதை அல்ல இது.

இதையே கண்ணால் காணும்படி காட்டுவது யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரம். கடைசி இராவுணவின்போது இயேசு மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் எடுத்துச் சீடர்களின் பாதங்களைக் கழுவுகிறார். புழுதித் தெருவில் செருப்புக் காலோடு நடந்து வந்தவர்களுக்குக் கால் கழுவுவது அந்த நாட்டில் வீட்டு வேலைக்காரர் செய்யும் ஊழியம். குரு செய்வது வழக்கமே இல்லை.

பேதுருவின் முறை வருகிறது. என் காலைக் கழுவ ஒருக்காலும் விடமாட்டேன் என்கிறார். கேட்பதற்கு எவ்வளவு பணிவான பேச்சு! ஆனால் இயேசு அதை ஏற்கவில்லை. கழுவ விடாவிட்டால் உனக்கு என்னோடு பங்கே இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார். உடனே பேதுரு மறு கோடிக்குப் போய், அப்படியானால் கை, தலை எல்லாவற்றையும் கழுவும் என்கிறார். அதையும் இயேசு ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் வேண்டாம் என்று சொன்னதும், பிறகு அதிகமாகக் கேட்டதும் ஒன்றுதான். இரண்டிலும், என்ன நடக்க வேண்டும் என்பதைப் பேதுருவே தீர்மானிக்கப் பார்க்கிறார். கொடுப்பதைக் கொடுத்தபடி வாங்கிக்கொள்வது அவருக்குக் கடினமாக இருக்கிறது. நமக்கும் அப்படித்தானே? பிறருக்கு உதவி செய்வதில் ஓர் உயரம் இருக்கிறது. உதவி பெறுவதில் அது போய்விடுகிறது. நோயில் படுத்தபின் மருமகள் கையால் ஒரு தம்ளர் கஞ்சி வாங்கிக் குடிக்கக் கூசுகிற பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதை முழுவதும் தாழ்மை என்று என்னால் கொள்ள முடியவில்லை.

அந்தப் பந்தியில் யூதாசும் இருந்தான் என்பதை மறக்கக்கூடாது. காட்டிக்கொடுக்கப் போகிறவன் என்று தெரிந்தே அவன் காலும் கழுவப்பட்டது.

புனித வாரத்து வியாழனன்று பல ஆலயங்களில் இந்தக் காலடி கழுவும் சடங்கு ஆண்டுதோறும் நடக்கிறது. 2013இல் பதவியேற்ற சில நாள்களிலேயே போப் பிரான்சிஸ் ரோமிலுள்ள சிறார் சிறைக்குச் சென்று, கைதிகளான இளைஞர்களின் கால்களைக் கழுவினார். அவர்களில் பெண்களும் முஸ்லிம்களும் இருந்தனர். நல்லது. ஆனால் ஆண்டுக்கு ஒருநாள் செய்வது எளிது. மற்ற 364 நாள்களுக்கு என்ன வழி?

இதற்கு நடைமுறை விடை கொடுத்தவராக நான் கருதுவது இத்தாலி நாட்டுப் புனித பெனடிக்டை. தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்பார்கள். ஏறத்தாழ கி.பி. 480 முதல் 547 வரை வாழ்ந்தவர். மோந்தே கசீனோ என்ற மலையில் மடம் நிறுவி, துறவிகளுக்காக 73 அதிகாரங்கள் கொண்ட விதிநூல் ஒன்றை எழுதினார். ஐரோப்பாவின் துறவு மடங்கள் பெரும்பாலும் இதைப் பின்பற்றியே வளர்ந்தன. நமக்கும் இது அந்நியமல்ல. குளித்தலைக்கு அருகே காவிரிக்கரையில் 1950இல் இரு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கிய சாந்திவனம் ஆசிரமம் இந்த மரபின் தொடர்புடையது. 1968இல் அங்கு வந்து பொறுப்பேற்ற பீட் கிரிஃபித்ஸ் அடிகளும் பெனடிக்ட் சபைத் துறவியே.

விதிநூலின் 7ஆம் அதிகாரம் தாழ்மையைப் பற்றியது. யாக்கோபு கனவில் கண்ட ஏணியைச் சொல்லி, அதற்குப் பன்னிரண்டு படிகள் வைக்கிறார் பெனடிக்ட். உயர நினைப்பவன் இறங்குகிறான், தாழ்பவன் ஏறுகிறான் என்பது அந்த ஏணியின் விசித்திரம். கடவுள் காண்கிறார் என்ற நினைவு முதற்படி. தன்னிச்சையை விடுதல், கீழ்ப்படிதல், அநீதி நேர்ந்தாலும் பொறுமை காத்தல், தன் குற்றத்தை மறைக்காமை, எளிய வேலையில் மனநிறைவு, நாவடக்கம் என்று படிகள் மேலே போகின்றன. எல்லாரிலும் நானே கடையன் என்று வாயால் மட்டுமின்றி உள்ளத்தாலும் நம்ப வேண்டும் என்கிறது ஏழாம் படி. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் இதை அப்படியே சொன்னால் தாழ்வு மனப்பான்மையை வளர்ப்பதாக முடியும். இதைத் தனியே பிடுங்கிப் படிக்கலாகாது. ஏணியின் உச்சியில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே இருப்பது அச்சமில்லாத அன்பு. முதலில் பயந்து பயந்து செய்ததை எல்லாம், பிறகு இயல்பாக, விருப்பத்தோடு செய்வான் என்று அதிகாரம் முடிகிறது. தன்னை வெறுப்பவனுக்கு அந்த அன்பு வராது.

என்னைக் கேட்டால், 7ஆம் அதிகாரத்தைவிட மற்ற அதிகாரங்களில்தான் தாழ்மை நன்றாக விளங்குகிறது. 57ஆம் அதிகாரம் மடத்திலுள்ள கைவினைஞர்களைப் பற்றியது. தன் திறமையால்தான் மடம் பிழைக்கிறது என்று ஒருவன் கர்வம் கொண்டால், அவனை அந்தத் தொழிலிலிருந்து விலக்கிவிட வேண்டும். தாழ்மை வந்தபின், மடத்தலைவர் சொன்னால் திரும்ப எடுக்கலாம். உற்பத்தி குறையுமே என்று அவர் கவலைப்படவில்லை. ரயில்வே ஒர்க்‌ஷாப்பைக் கண்டவர்களுக்கு இது புரியும். கைதேர்ந்த ஃபிட்டர் ஒருவர், தன் வித்தையை உடன் இருக்கும் பையனுக்குச் சொல்லித்தராமல் மறைத்து வைத்தால், அவர் இருக்கும்வரை எஞ்சின் ஓடும். அவர் லீவு போட்ட அன்று ஷெட்டில் நிற்கும்.

3ஆம் அதிகாரம், முக்கியமான காரியங்களில் மடத்தலைவர் எல்லாரையும் கூட்டி யோசனை கேட்க வேண்டும் என்கிறது. எல்லாரிலும் இளையவனுக்கே கடவுள் நல்ல வழியைக் காட்டுவது உண்டு என்பது அவர் சொல்லும் காரணம். 61ஆம் அதிகாரம் இன்னும் ஒருபடி மேல். வெளியிலிருந்து வந்து தங்கும் துறவி மடத்தின் குறையைப் பணிவோடு எடுத்துச் சொன்னால், இதற்காகவே ஆண்டவர் அவரை அனுப்பியிருக்கலாம் என்று தலைவர் எண்ணிப் பார்க்க வேண்டுமாம். விருந்தாளி குறை சொன்னால் நாம் என்ன எண்ணுவோம் என்று எழுதத் தேவையில்லை.

மடத்தில் யார் முன், யார் பின் என்பதைச் சேர்ந்த நேரமே முடிவு செய்கிறது (63ஆம் அதிகாரம்). பகலின் முதல் மணியில் வந்தவனுக்கு இரண்டாம் மணியில் வந்தவன் இளையவன். வயதும் அந்தஸ்தும் கணக்கில்லை. சீனியாரிட்டி லிஸ்டுக்காகக் கோர்ட் வரை போனவர்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் அடிமைகளும் பிரபுக்களும் இருந்த சமூகத்தில், நேற்று அடிமையாக இருந்தவனுக்குப் பின்னால் பிரபுவின் மகனை நிற்க வைத்தது இந்த விதி.

இங்கே நம் வீட்டுக் கதையையும் சொல்லியாக வேண்டும். தாழ்மையைப் பற்றி மிகுதியாகப் பிரசங்கம் கேட்ட நம் தமிழ்ச் சபைகளில், யார் எங்கே உட்காருவது, திருவிருந்தில் யார் முதலில் வாங்குவது என்பதைச் சாதி தீர்மானித்த காலம் நீண்டது. 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். பக்தியில் குறைந்தவர்கள் அல்லர் அவர்கள். தாழ்மை என்பது உள்ளத்தில் இருந்தால் போதும், பந்தியில் வேண்டாம் என்று எண்ணியவர்கள். இந்த நோய் முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்த பிறகும் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது அது தலை நீட்டுகிறது.

கடைசியாக 35ஆம் அதிகாரம், சமையலறை. நோயாளிகளும் மிக முக்கிய அலுவலில் இருப்பவர்களும் தவிர, எல்லாரும் வாரமுறை வைத்துச் சமையலறையில் ஒருவருக்கொருவர் பணி செய்ய வேண்டும். சனிக்கிழமை முறை முடிகிறவர் எல்லாவற்றையும் சுத்தம் செய்து, கைகால் துடைக்கும் துண்டுகளைத் துவைக்க வேண்டும். முறை முடிகிறவரும் அடுத்துத் தொடங்குகிறவரும் சேர்ந்து எல்லாருடைய கால்களையும் கழுவ வேண்டும். பாத்திரங்களைத் துலக்கி, உடையாமல், பண்டகசாலைக்காரரிடம் எண்ணி ஒப்படைக்க வேண்டும். யோவான் நற்செய்தியின் அந்த இரவு இங்கே வாராந்தர டியூட்டியாகிவிட்டது.

அதே அதிகாரத்தில் இன்னொரு விதி உண்டு. சாப்பாட்டு வேளைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே, பரிமாறப் போகிறவர்களுக்கு வழக்கமான பங்குக்கு மேல் கொஞ்சம் ரொட்டியும் குடிக்கவும் கொடுத்துவிட வேண்டும். முணுமுணுப்பில்லாமல், களைப்பில்லாமல் அவர்கள் பரிமாறுவதற்காக. நம் வீடுகளில் தாய்மார்கள் எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடுவதைத் தியாகம், அடக்கம் என்று மேடையில் புகழ்கிறோம். பெனடிக்ட் அப்படிப் புகழவில்லை. முன்னதாகவே சாப்பாடு போடச் சொல்லிவிட்டார். நம் சங்கத்துப் பொங்கல் விருந்திலும் கிறிஸ்துமஸ் விருந்திலும் பந்தி விசாரிக்கும் இளைஞர்கள் இலை முன் உட்காரும்போது மணி மூன்றரை, பாயசம் காலி. அடுத்த விருந்துக்கு அவர்களுக்குப் பன்னிரண்டு மணிக்கே இலை போட்டுவிடலாம். நான் பரிமாறத் தயார்.